பின்னால் நீட்டிய கை

ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு, காரைமேட்டின் டேங்க் ஆபரேட்டர் தணிகாசலம் கீழத்தெரு வால்வைத் திருகித் தண்ணீர் திறந்துவிட்டு நிமிர்ந்தபோது, கொசஸ்தலையாற்றின் வறண்ட மணலில் நடந்து வந்து கரையேறி, தேசிங்குவின் டீக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தாள் ஒருத்தி. ஆள் இடுப்புயரம்தான். உடம்பெல்லாம் மயிர். நெற்றி என்று ஒன்று கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தாள், இப்போதுதான் ஒரு கிளையை விட்டு இறங்கியவள் போல. இடது கையைப் பின்னால் நீட்டித் தன்னைப் போலவே இருந்த இன்னொருத்தியின் கையைப் பிடித்திருந்தாள். அந்த இன்னொருத்தி பின்னால் கையை நீட்டி வேறொருத்தியை, அவள் மற்றொருத்தியை, இப்படியே ஆற்று வளைவு வரைக்கும், வளைவுக்கு அப்பாலும், கையும் கையுமாக ஒரு வரிசை நின்றிருந்தது.

காரைமேட்டில் யாரும் அலறவில்லை. அந்த ஊர் வெள்ளத்தையும் பார்த்திருக்கிறது, பதினோரு வருஷப் பஞ்சத்தையும் பார்த்திருக்கிறது, ஓட்டுக் கேட்டு வந்த அத்தனை பேரையும் பார்த்திருக்கிறது. தேசிங்கு அடுப்பைத் தணித்துவிட்டு, வெளியூர் ஆளைக் கண்டால் வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார்.

"யார் ஊட்டுக்கு வந்துகீறீங்க?"

அவளுக்குப் பேச்சு வராது. ஆனால் கேள்வி புரிந்தது. தூக்கி வைத்திருந்த கையை மெதுவாக இறக்கி, நீளமான விரலால், வால்வுக் குழிக்கருகில் ஈரக் கைலியோடு நின்ற தணிகாசலத்தைக் காட்டினாள்.

தேசிங்கு கண்ணாடி பாட்டிலிலிருந்து ஒரு பன்னை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, "இன்னா நைனா, உன்னைத் தேடிகினு கூட ஆள் வருது பாரு" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார், ஆனால் பொய் இல்லை. தணிகாசலம் அந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருஷமாகிறது. அவனைத் தேடி வந்த முதல் விருந்தாளி அவள்தான்.

ஏன் வந்தாள் என்று கேட்டால், முந்தின நாள் ஆற்றங்கரையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தணிகாசலத்துக்கு அப்பா அம்மா பெயர் தெரியாது. இரண்டு வயதில் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் திருத்தணி மலைப்படியில் யாரோ விட்டுவிட்டுப் போன பிள்ளை. எடுத்து வளர்த்த விடுதியில் அந்த மலையின் பெயரையே வைத்தார்கள். பெண் கேட்கப் போன இரண்டு இடத்திலும் உங்க ஆளுங்க யாரு என்று கேட்டார்கள், அவன் எழுந்து வந்துவிட்டான், அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை. டேங்க்குக்குக் கீழே இருக்கிற மோட்டார் ரூம்தான் வீடு. ஒரு ஸ்டவ், ஒரு தட்டு, ஒரு பாய். காலை ஆறுக்கும் மாலை நாலுக்கும் தண்ணீர் திறப்பான், அந்த இரண்டு நேரமும் அவன் பெயர் ஊரில் அடிபடும், மற்ற நேரம் அவனை யாருக்கும் வேண்டாம். ஆடி அமாவாசை அன்று ஊரே ஆற்றுக்குப் போய்விட, காலித் தெருவில் தனியாக நிற்கப் பிடிக்காமல் அவனும் போனான்.

திருவள்ளூரிலிருந்து மொபெட்டில் வரும் சேஷு அய்யருக்கு அன்றைக்கு எழுபது பேர் வரிசை. மணலில் ஊறிய பள்ளத்துத் தண்ணீரில் நின்றுகொண்டு, தணிகாசலத்தின் விரலில் தர்ப்பை மோதிரத்தை மாட்டிவிட்டு, அவசர அவசரமாகக் கேட்டார்.

"அப்பா அம்மா இருக்காளா?"

"தெரியாது சாமி."

"தெரியலேன்னா இல்லேன்னு வெச்சுக்க வேண்டியதுதான். பேரைச் சொல்லு. அப்பா, தாத்தா, முப்பாட்டன். அம்மா வழியிலேயும் மூணு பேர்."

"ஒரு பேரும் தெரியாது சாமி."

பின்னால் அறுபது பேர் இருமினார்கள். "சரிப்பா, பொதுவாச் சொல்லிடு" என்றார் சேஷு அய்யர். தணிகாசலம் கையில் எள்ளையும் தண்ணீரையும் ஏந்தினான். மூன்று பேர் பெயர் தெரிந்தவன் மூன்று பேரோடு நிறுத்திக்கொள்வான். ஒன்றுமே தெரியாதவன் எங்கே நிறுத்துவான்? "எனக்கு முன்னால இருந்த எல்லாரும் வாங்க" என்று சொல்லித் தண்ணீரை விட்டான். கூப்பிட்டவர்களைத் திருப்பி அனுப்புகிற மந்திரத்தைச் சொல்ல அய்யர் மறந்துபோனார். மோதிரத்தின் முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்று தணிகாசலத்துக்கும் தெரியாது. கழற்றிக் கொண்டுபோய் மோட்டார் ரூமில் ஆணியில் மாட்டிவிட்டான். எல்லாரும் என்றால் எல்லாரும்தானே. வந்துவிட்டார்கள்.

முதல் இரண்டு நாளும் வந்தவர்கள் எல்லாரும் ஒரே சாயல். குள்ளமாக, மயிரடர்ந்து, புதுச்செருப்பு போட்டவர்கள் நடப்பதுபோல் ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்து வந்தார்கள். வரிசை ஊருக்குள் நுழைந்து, டேங்க்கைச் சுற்றி, தணிகாசலத்தை ஒவ்வொருத்தியாக மோந்து பார்த்துவிட்டு, மறுபக்கமாக ஆற்றுக்கே இறங்கி, மணலில் நத்தைச் சுருளாகச் சுருண்டு உட்கார்ந்தது. பிடித்த கையை யாரும் விடவில்லை. அம்மா மகளைப் பிடித்திருந்தாள், மகள் தன் மகளைப் பிடித்திருந்தாள், அவ்வளவுதான் அந்த வரிசை. ஆண்களும் வந்தார்கள். ஆனால் அவர்கள் கை பிடிக்காமல் ஓரமாகக் கும்பலாக வந்ததால் யாருக்கு யார் அப்பன் என்று சொல்ல வழியில்லை. அந்தி சாய்ந்ததும் நடை நிற்கும், விடிந்ததும் மறுபடி தொடங்கும்.

முதலில் வந்தவளுக்கும் முன்னால் இருந்தவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டால், அவர்கள் மரத்தைவிட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லியிருப்பார்கள் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள்.

"அது சரி, இவ்ளோ பழைய ஆளுங்க மொதல்ல வர்றாங்களே, கிட்டத்துச் சொந்தம் ஒண்ணும் காணோமே" என்று தணிகாசலம் தேசிங்குவிடம் கேட்டான்.

தேசிங்கு டீ ஆற்றியபடியே சொன்னார். "கல்யாணத்துல பாத்ததில்லியா நீ? தூரத்துச் சொந்தம் மொத நாளே வந்து எறங்கிடும். பக்கத்து ஊட்டுக்காரன் தாலி கட்டுற நேரத்துக்குத்தான் சட்டையை மாட்டிகினு வருவான். கிட்டத்து ஆளு கடைசீலதான் வரும்."

தணிகாசலம் டீயைக் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றான். அப்படியென்றால் இந்த வரிசையில் கடைசியாக வரப்போகிறவள் அவன் அம்மா. அவள் முகம் எப்படி இருக்கும் என்று நாற்பது வருஷமாக அவன் கண்ணாடியில் தன் முகத்தைக் கையால் பாதி மறைத்துப் பார்த்திருக்கிறான். இனி அந்த வேலை இல்லை. நின்ற இடத்தில் நின்றால் போதும், வந்துவிடுவாள். அன்றிலிருந்து அவன் தினமும் சவரம் செய்துகொண்டான்.

மூன்றாம் நாள் வந்தவர்கள் ஆற்றுக் கூழாங்கல்லை எடுத்து ஒன்றோடொன்று மோதி விளிம்பு எடுத்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கோகிலாம்பாள், மழைக்கால முகாமுக்கு உத்தரவு போடுகிற அதே குரலில், ஒவ்வொரு வீடும் ஒரு படி பச்சை வேர்க்கடலை கொண்டுவந்து கரையில் கொட்ட வேண்டும் என்று தண்டோரா போட்டுவிட்டார். பெரிய செலவில்லை. செத்தவர்களுக்கு ஒரு கடலை, ஒரு வாய்த் தண்ணீர் போதும். கடலை கொட்ட வந்த பெண்கள் கரையிலேயே உட்கார்ந்து, எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பேன் பார்க்க, அவர்கள் இவர்களுக்குப் பேன் பார்க்க, அந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் கெட்டிக்காரர்கள் என்று தெரிந்தது.

நாலாம் நாள் வரிசை உயர்ந்தது. கால் நீண்டது, மயிர் குறைந்தது, நடை சீராயிற்று. அன்று மதியம் ஆண்கள் கும்பலில் ஒரு கிழவன் வந்தான். வாயில் ஒரு பல்கூட இல்லை. பல் போய்ப் பல வருஷமாகியிருக்க வேண்டும், தாடை சுருங்கிப்போயிருந்தது. காட்டில் பல் போனவன் ஒரு வாரம் தாங்க மாட்டான். ஆனால் இவன் தாங்கியிருக்கிறான். எப்படி என்று தணிகாசலம் கண்ணாலேயே பார்த்தான். பக்கத்தில் வந்தவள் ஒரு கடலையை மென்று, கூழாக்கி, விரலால் எடுத்து அவன் வாயில் வைத்தாள். அதில் யாருக்கும் எந்த விசேஷமும் தெரியவில்லை. தணிகாசலம் மட்டும் மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பேச்சு வராத, நெருப்பு தெரியாத அந்தக் காலத்திலேயே ஒரு பொக்கைக் கிழவனுக்கு மென்று ஊட்ட ஆள் இருந்திருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளைக்குத் திருத்தணிப் படியில் ஆள் இல்லை. அதை நினைத்து அழுதான். அழுது முடித்து நாலு மணிக்கு வெளியே வந்து தண்ணீர் திறந்தான்.

ஆறாம் நாள் ஒரு சிக்கல் வந்தது. இவர்கள் மனிதர்கள் என்றால் தாலுகா ஆபீசுக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும், மிருகங்கள் என்றால் வனத்துறைக்கு அனுப்ப வேண்டும், எங்கிருந்து எங்கே வரைக்கும் எது என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கேட்டுவிட்டார்கள். பஞ்சாயத்து கிளார்க் ராஜாபாதர், கபடிக்குக் கோடு போடுகிற சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். வரிசையின் ஆரம்பத்தைப் பார்த்தால் நிச்சயமாக மிருகம். இன்று காலை வந்தவர்களைப் பார்த்தால் ஏறக்குறைய நம்மைப் போல. நடுவில் ஓரிடத்தில் கோடு போட்டால் தீர்ந்தது. ஒரு தாயையும் மகளையும் பார்த்தார். இரண்டும் ஒரே முகம். பத்துப் பேர் தள்ளிப் பார்த்தார், அங்கேயும் தாயும் மகளும் ஒரே முகம். எந்த இடத்தில் கோடு போட்டாலும் ஒரு மிருகத்தின் கையை ஒரு மனுஷி பிடித்திருந்தாள், அந்த மனுஷி அந்த மிருகத்தின் வயிற்றில் பிறந்தவளாக இருந்தாள். காலையிலிருந்து மாலைவரை வாளியைத் தூக்கிக்கொண்டு சுருளைச் சுற்றி நடந்து, கடைசியில் சுண்ணாம்பை மணலிலேயே கவிழ்த்துவிட்டு, எல்லாரும் உறவினர் என்று எழுதி அனுப்பினார். மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை.

யாருக்கு உறவினர் என்பதில்தான் அடுத்த குழப்பம். கோகிலாம்பாள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக எல்லாருக்கும் சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருக்கும். ஐந்தாம் நாள் வந்த ஒருத்திக்கு அதே விரல். கீழத்தெருவில் கன்னியப்பன் வீட்டாருக்குக் காது மடல் ஒட்டியிருக்கும். சுண்டுவிரல் வளைந்த அதே ஒருத்திக்கு அந்தக் காதும் இருந்தது. மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒருத்தியையே எங்க ஊட்டு ஆளு என்று கொண்டாடின. அப்படியென்றால் இரண்டு தெருவும் யார் என்று யாரும் உரக்கக் கேட்கவில்லை. கேட்டால், தேரில் யாருக்கு முதல் மரியாதை என்கிற ஐம்பது வருஷத்து வழக்கு அன்றைக்கே முடிந்துபோகும், அதற்கப்புறம் ஊரில் பேச என்ன இருக்கிறது?

இப்படியாக, தணிகாசலத்தைத் தேடி வந்த விருந்தாளிகளை ஊர் ஒரு வாரத்தில் பங்கு போட்டுக்கொண்டது. அவரவர் சாயலை அவரவர் கண்டுபிடித்து, எண்ணெய் தேய்த்துத் தலை சீவிவிட்டார்கள். அவன் வால்வுக் குழிக்கருகில் தனியாக நின்றான். லட்சத்துக்கும் மேல் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்க, அதற்கு முன்னால் எப்போதையும்விடத் தனியாக இருந்தான். எதிர்பார்த்தது ஒருத்தியை.

ஏழாம் நாள் நெருப்பைக் கையில் ஏந்தி வந்தார்கள். எட்டாம் நாளும் அதே நெருப்பு, அதே கல், முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு வந்தது. ஒன்பதாம் நாள் காலை மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்தது. போர்வெல் வற்றிவிட்டது. ஒரு வாய் என்றாலும் லட்சம் வாய். டேங்க்கில் இருந்தது இன்னும் இரண்டு வேளைக்குத்தான் வரும் என்று தணிகாசலமே போய்ச் சொன்னான், அது அவன் வேலை. அன்று நாலு மணிக்கு டேங்க் அடியில் கூட்டம் போட்டார்கள். சேஷு அய்யரை ஆள் விட்டுக் கூட்டி வந்தார்கள்.

"தப்பு என்மேலதான். அனுப்பற மந்திரத்தைச் சொல்ல விட்டுட்டேன்" என்றார் அய்யர். "இப்ப சொல்லலாம். ஆனா மோதிரத்து முடிச்சை அவன்தான் அவிழ்க்கணும், கூப்பிட்டவன் அவன். அவிழ்த்துட்டா வந்தவா எல்லாரும் கிளம்பிடுவா. இன்னும் வந்து சேராதவா பாதி வழியிலேயே திரும்பிடுவா. ஒரு தடவை திரும்பினவாளை மறுபடி இப்படிக் கூப்பிட முடியாது."

கோகிலாம்பாள் தணிகாசலத்தைப் பார்த்தார். அதிகாரமாகப் பேசிப் பழகியவர், அன்று குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"தணிகாசலம், உங்கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா நீயே பாரு. ஒம்போது நாளா வந்துகினே கீறாங்க. இன்னும் ஒருத்தி இடுப்புல துணி இல்ல, வாயில ஒரு பேச்சு இல்ல. இந்த வேகத்துல உங்கம்மா வர்றதுக்கு இன்னும் ஒரு மாசம் ஆவும். அதுவரைக்கும் புள்ளைங்க குடிக்கத் தண்ணிக்கு எங்கே போறது?"

"ஒரே ஒரு நாள்மா" என்றான் தணிகாசலம். "நாளைக்கு நாலு மணிவரைக்கும். என் பங்குத் தண்ணிய இந்த ஒம்போது நாளும் நான் குடிக்கல, டீக்கடைலதான் குடிச்சேன், தேசிங்கண்ணன கேளுங்க."

தேசிங்கு தலையாட்டினார். ஒன்பது நாள் டீயை மட்டும் குடித்தவனுக்கு ஒரு நாள் கொடுக்கலாம் என்றார்கள். நாளை நாலு மணி என்று முடிவாயிற்று.

பத்தாம் நாள் விடியும்போதே தணிகாசலம் தலையைப் படிய வாரி, பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தர்ப்பை மோதிரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆற்றுப் பாலத்தின் மேல் நின்றான். காலையில் வந்தவர்களுக்கு நெற்றி நிமிர்ந்திருந்தது, மோவாய் எட்டிப் பார்த்தது. பத்து மணி வாக்கில் ஒருத்தி தன் மகளைத் திரும்பிப் பார்த்து என்னவோ சொன்னாள். வெறுமனே குரல் கொடுப்பது இல்லை அது, சொல்வது. அந்த மகள் தன் மகளிடம் அதைச் சொன்னாள், அவள் தன் மகளிடம் சொன்னாள், வரிசை நெடுகப் பேச்சு ஓடி வந்தது. பத்து நாளாகக் காலடிச் சத்தம் மட்டும் கேட்ட ஊரில் அந்தச் சலசலப்பைக் கேட்டதும் சமையலை விட்டுவிட்டுப் பெண்கள் பாலத்துக்கு ஓடி வந்தார்கள். மதியம் கன்னத்தில் செம்மண் பூசியவர்கள் வந்தார்கள், கழுத்தில் சிப்பி கோத்தவர்கள் வந்தார்கள். கையில் செத்த குழந்தையை ஏந்தி, அதன்மேல் காட்டுப்பூவை வைத்துக்கொண்டு ஒருத்தி வந்தாள். மறு கையால் உயிரோடிருந்த மகளைப் பிடித்திருந்தாள். பாலத்தில் நின்ற எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள்.

ஆனால் மணி மூன்றாகியும் அவர்கள் கையில் கல்தான் இருந்தது, இடுப்பில் தோல்தான் இருந்தது. தணிகாசலம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். கோகிலாம்பாள் வந்து பக்கத்தில் நின்றார். சேஷு அய்யர் மொபெட்டில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

மூன்றேகாலுக்கு ஒருத்தி மடியில் விதையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பிறகு நடந்ததெல்லாம் படபடவென்று நடந்தது. விதைக்குப் பின்னால் பானை வந்தது, பானைக்குப் பின்னால் ஆடு வந்தது, ஆட்டுக்குப் பின்னால் நூல் வந்தது, மூன்றே முக்காலுக்கு இரும்பு அரிவாள் வந்தது, அரிவாளுக்குப் பின்னால் வந்தவர்கள் பேசியதில் தண்ணீர், தாய், வா, போ என்று நாலைந்து வார்த்தை அவனுக்குப் புரிந்தது, அப்புறம் பாதி புரிந்தது, அப்புறம் எல்லாம் புரிந்தது, வளையல் வந்தது, மூக்குத்தி வந்தது, கண்டாங்கி வந்தது, பஞ்சத்தில் செத்த எலும்பும் தோலுமானவர்கள் நாலு பேர் வந்தார்கள், ஆண்கள் கும்பலில் டெர்லின் சட்டை போட்ட ஒருவன் தணிகாசலத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு நடந்து போனான், அதன் பிறகு, நாலு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது, பூப்போட்ட வாயில் துணிப் புடவையும் ரவிக்கையும் உடுத்திய ஒருத்தி பாலத்தடியில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வெறும் மணல் இருந்தது.

தணிகாசலம் பாலத்திலிருந்து இறங்கி ஓடினான். கிட்டே போனதும் நின்றுவிட்டான். அவளுக்கு இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. அவனுடைய மூக்கு, அவனுடைய புருவம், கண்ணாடியில் கையால் மறைத்துப் பார்த்த பாதி முகம் அப்படியே இருந்தது. ஆனால் புடவை அம்மா காலத்துப் புடவை இல்லை, அதற்கும் முந்தியது. அதைவிட, அவள் இடது கை பின்னால் நீண்டிருந்தது. விரல்கள் எதையோ பிடித்த மாதிரி மடங்கியிருந்தன. பிடித்த கை இல்லை.

"நீங்க எங்கம்மாவா?" என்றான்.

"உங்கம்மாவைப் பெத்தவ. கனகம்மா என் பேரு."

"அம்மா எங்கே? பின்னால வர்றாங்களா?"

கனகம்மா திரும்பி வெறும் மணலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "கடலைக் காட்டுல பாம்பு தொட்டு நான் போனப்ப அவளுக்கு மூணு வயசு. கையப் புடிச்சிகினு நின்னா. விட்டுட்டு வந்துட்டேன். அதுலேர்ந்து இந்தக் கையப் பின்னால நீட்டியே வெச்சிருக்கேன். இன்னும் வரலியேப்பா."

"வரலன்னா?"

"எங்ககூட இல்ல அவ. எங்ககூட இல்லாதவ எங்கே இருப்பா? உங்ககூடத்தான்."

தணிகாசலம் மணலில் உட்கார்ந்துவிட்டான். மரத்திலிருந்து இறங்கிய நாளிலிருந்து அத்தனை பேரும் அவனுக்காக நடந்து வந்தார்கள், அவன் கேட்ட ஒருத்தி மட்டும் வரவில்லை, வராததற்குக் காரணம் அவள் உயிரோடு இருப்பது. எங்கேயோ ஓர் ஊரில், அறுபதைத் தாண்டி, இந்நேரம் குழாயடியில் நின்றுகொண்டிருப்பாள். இதற்கு அழ வேண்டுமா சிரிக்க வேண்டுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வந்தது.

"ஏன் என்னை விட்டுட்டுப் போனாங்க?"

"எனக்குத் தெரியாதே, கண்ணு. நான் அவளை மூணு வயசுக்குமேல பாத்ததில்ல. கையப் புடிச்சு வளத்தவங்க யாரும் இல்லாம வளந்திருப்பா. புடிக்கத் தெரியாம போயிருக்கும்."

"அவங்க பேரு?"

"இந்திராணி. ராணின்னு கூப்பிடுவேன்."

அந்தப் பெயரை அவன் நாலைந்து தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். பிறகு எழுந்து, அவளுடைய வெறும் கையை நோக்கித் தன் கையை நீட்டினான். கனகம்மா சட்டென்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்பா. இது அவ எடம். நான் உன்னைப் புடிச்சா உன்னையும் இட்டுகினு போயிடுவேன். உன் கைய அவதான் புடிக்கணும்."

பாலத்தின் மேலிருந்து சேஷு அய்யர் மணி நாலாகிவிட்டது என்று சைகை காட்டினார். தணிகாசலம் பையிலிருந்து மோதிரத்தை எடுத்தான். முடிச்சு காய்ந்து இறுகியிருந்தது, நகத்தால் நிமிண்டித்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. அய்யர் மந்திரத்தை, இந்தத் தடவை ஓர் எழுத்து விடாமல், நிதானமாகச் சொன்னார்.

போகும்போது கனகம்மா முதலில் போனாள், பின்னால் நீட்டிய கை இப்போது வரிசைக்கு முன்னால் இருந்தது. மொத்தச் சுருளும் அவிழ்ந்து அவளுக்குப் பின்னால் ஓடியது. பத்து நாளில் வந்தவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் போய்விட்டார்கள், திரும்பிப் போகிற வழி எப்போதுமே சுருக்கம்தானே. கரையில் நின்ற ஊர்க்காரர்கள் அவரவர் சாயலுக்குக் கையசைத்தார்கள். மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே ஆளுக்குக் கையசைத்தன. எல்லாரும் போன பிறகு கடைசியாக அந்த முதலில் வந்தவள், இடுப்புயரக்காரி, தணிகாசலத்தின் முன்னால் நின்றாள். அவன் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தாள், தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு வலது கையைப் பழையபடி தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடந்தாள். மணலில் ஏராளமான கடலைத் தோல் கிடந்தது. இரண்டு நாளில் மழை வந்து போர் ஊறியது.

அடுத்த ஆடி அமாவாசைக்குத் தணிகாசலத்தைக் கண்டதும் சேஷு அய்யர் மற்றவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"மூணே மூணு தலைமுறை. அதுக்கு மேலே வாயைத் திறக்கப்படாது. சொல்லு, அம்மா பேர் என்ன? இப்பத்தான் தெரியுமே."

"அந்தப் பேரு வேணாம் சாமி. அவங்க இருக்காங்க."

"எங்கே இருக்கா? பார்த்தியா?"

"பாக்கல. திருத்தணிக்குக் கிருத்திகைக்குக் கிருத்திகை போய்ப் படியில உக்காந்துட்டு வர்றேன். இன்னும் பாக்கல. ஆனா இருக்காங்க. கனகம்மாலேர்ந்து ஆரம்பிங்க."

அய்யர் அம்மாவின் இடத்தைத் தாண்டி மந்திரத்தைத் தொடங்கினார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே தணிகாசலம் பாலத்தின் மேல் போய் நின்றான். முடிச்சை அவிழ்த்துத்தான் இருந்தான், அனுப்புகிற மந்திரத்தை அய்யரும் சொல்லித்தான் இருந்தார், இருந்தாலும் அம்மா அவர்களோடு சேர்ந்துவிடவில்லை என்று பார்த்துக்கொள்ள நின்றான். ஆறு மணி ஆகிறவரைக்கும் ஆற்று வளைவைப் பார்த்தான். இரண்டு கொக்குகளைத் தவிர மணலில் ஒன்றும் இல்லை. டீக்கடைக்கு வந்தபோது தேசிங்கு அடுப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"யாராச்சும் வந்தாங்களா?"

"வரல" என்றான் தணிகாசலம். "இந்த வருஷமும் வரல, தேசிங்கண்ணா."

தேசிங்கு டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தார். தணிகாசலம் அதை நின்றபடியே குடித்துவிட்டுக் கீழத்தெரு வால்வைத் திறக்கப் போனான்.